‘அன்ஸேன்லிஷ்’ என்ற ஜெர்மன் சொல்லின் பொருள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மொழிப் பகுதியில் ‘அன்ஸேன்லிஷ்’ என்னும் ஜெர்மன் பெயரடைக்கு ‘மதிப்புக்குரிய’ என்று பொருள் தரப்பட்டிருந்தது. பல ஆண்டுகளாக அம்மொழியைக் கற்பித்து வருபவன் என்ற முறையில், இதைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பிழை எங்கே நேர்ந்தது என்பதை ஊகிக்க முடிகிறது. ‘அன்ஸேயன்’ என்பது ‘ஒன்றை நோக்குதல்’ என்று பொருள்படும் வினை. அதே வடிவம் பெயர்ச்சொல்லாக வரும்போது, ஊரார் ஒருவரை நோக்கும் விதத்தையும், அதனால் அவருக்குள்ள நன்மதிப்பையும் குறிக்கும். ஆனால் அந்த நன்மதிப்பைப் பெயரடையாகச் சொல்வதற்கு, வினையிலிருந்து பிறந்த ‘அன்கெஸேயன்’ என்ற வேறொரு சொல் இருக்கிறது. ஒரு மருத்துவரை ‘அன்கெஸேயன்’ என்றால் அவர் பெயர் பெற்றவர். ‘அன்ஸேன்லிஷ்’ என்றால் பார்வைக்கு எடுப்பானவர் என்பது மட்டுமே. அவருடைய திறமையைப் பற்றி அச்சொல் எதுவும் சொல்வதில்லை. என் மாணவர்கள் இவ்விரண்டையும் மாற்றி எழுதாத ஆண்டே இல்லை.

‘அழகான’ என்று திருத்தினாலும் முழுமையாகப் பொருந்தாது. அதற்கு ‘ஷோன்’ இருக்கிறது. மனம் நெகிழ்ந்து பாராட்டும் சொல் அது. ‘அன்ஸேன்லிஷ்’ சற்று விலகி நின்று, அளந்து சொல்லும் சொல், பேச்சைவிட எழுத்துக்கே உரியது. தமிழில் ‘எடுப்பான’, ‘லட்சணமான’ ஆகியவையே அதற்கு நெருக்கமானவை என்பது என் கருத்து. உயரமும் உடற்கட்டும் சேர்ந்த கம்பீரத்துக்கு ‘ஷ்டட்லிஷ்’ என்ற சொல் உண்டு. நம் ‘வாட்டசாட்டமான’ அதற்குப் பொருந்தும்.

தங்கள் பகுதியில் அறவே விடுபட்டது இரண்டாவது பொருள். தொகையையோ சொத்தையோ ‘அன்ஸேன்லிஷ்’ என்றால் அது ‘கணிசமான’ என்றே பொருள்படும். கண்ணில் படாமல் போகாத அளவு என்ற எண்ணத்திலிருந்து அப்பொருள் கிளைத்திருக்கிறது. ஒரு கட்டடத்தை அவ்வாறு வருணிக்கும்போது அதன் பருமனைச் சொல்கிறார்களா, தோற்றத்தைச் சொல்கிறார்களா என்பதைச் சூழலைக் கொண்டுதான் தீர்மானிக்க வேண்டும். எதிர்ச்சொல்லான ‘உன்அன்ஸேன்லிஷ்’ இக்காலத்தில் பெரும்பாலும் தோற்றத்தோடு நின்றுவிடுகிறது: சாயம் போன மேலங்கி, அடிபட்டுக் கறுத்த ஆப்பிள் போன்றவற்றுக்கு அது வழங்கும், சிறிய தொகையை அப்படிச் சொல்வது வழக்கமில்லை.

ஆகவே, திருத்தம் வெளியிடும்போது ‘எடுப்பான’, ‘கணிசமான’ என்னும் இரு பொருள்களையும் தனித்தனி எடுத்துக்காட்டுகளுடன் தருமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஜெர்மன் மொழி ஆசிரியர் ஒருவர்