மருந்தியலுக்கும் பெண்ணியல் வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் கல்லூரியில் மருந்தியல் கற்பிக்கிறேன். பாலின ஆய்வு என்றாலே "அது பெண்ணியல் துறை வேலை" என்று சக ஆசிரியர்கள் ஒதுங்கிக்கொள்வது வேதனையாக இருக்கிறது. சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரையையே பாருங்கள். அமெரிக்காவில் 1992-இல் அனுமதி பெற்றது. அப்போது ஆணுக்கும் பெண்ணுக்கும் வழக்கமான அளவு ஒன்றாகத்தான் இருந்தது, 10 மில்லிகிராம். பெண்களின் உடலிலிருந்தோ அது மெதுவாகத்தான் வெளியேறும்; மறுநாள் காலை வண்டி ஓட்டும்போதும் ரத்தத்தில் மிச்சமிருக்கலாம். பெண்களுக்கு 5 மில்லிகிராம் போதும் என்று அங்கே அறிவிக்க 2013 ஆகிவிட்டது!

பொருளாதாரத்தில் பெண்களின் வேலை, ஊதிய வரலாற்றை ஆராய்ந்த கிளாடியா கோல்டினுக்கு 2023-இல் நோபல் பரிசே கிடைத்தது. அப்புறம் ஏன் மருந்தியல் மாணவர்கள் பெண்ணியல் வகுப்பில் உட்காரக் கூடாது? முனைவர் பட்ட ஆய்வுக் குழுவில் பெண்ணியல் பேராசிரியர் ஒருவரையும் பல்கலைக்கழகங்கள் சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
மருந்தியல் ஆசிரியை