பயோகேஸ் எஞ்சினுக்கு வாரண்டி மறுப்பது குறித்துப் புகார்

ஐயா,

ஆத்தூர் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஆலை வைத்திருக்கிறேன். மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பால் எடுத்த பின் வெளியேறும் கழிவு நீரில் கேஸ் பிடித்து எஞ்சின் ஓட்டும் பிளான்ட்டைப் போன சீசனில் நீங்கள் போட்டுத் தந்தீர்கள். கேஸைக் குறை சொல்ல மாட்டேன். சாணம் கரைத்து ஊற்றிய ஆறாவது வாரமே கேஸ் சேரும் பலூன் உப்பிவிட்டது. ஒரு கன மீட்டர் கேஸுக்குச் சுமார் ஒன்றரை யூனிட் கரண்ட் கிடைத்தது.

எஞ்சின்தான் போய்விட்டது. மார்கழியில் ஆயில் மாற்றத் திறந்தால் தார் மாதிரி வழிந்தது. மெக்கானிக் கழற்றிக் காட்டிய பேரிங் கறுத்துப்போய், நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. கேஸில் அழுகிய முட்டை நாற்றம். அந்த நாற்றத்துக்குக் காரணமான கந்தக வாயு, ஹைட்ரஜன் சல்பைடு, அரித்த வேலை. அதைப் பிடிக்க வேண்டிய ஃபில்டர் டிரம்மைத் திறந்து பார்த்தோம். உள்ளே இரும்புச் சுருள் மொத்தமும் கறுத்து, கட்டியாக இறுகிக் கிடந்தது. அதை எப்போது மாற்ற வேண்டும் என்று உங்கள் கையேட்டில் ஒரு வரி இல்லை. ஆயில் மாற்றும் கணக்கு மட்டும் கொட்டை எழுத்தில்!

போன் செய்தால் உங்கள் சர்வீஸ் இன்ஜினியர், "நீங்க பால்ல ஆசிட் ஊத்துறீங்க, அதான் கந்தகம் ஏறுது, வாரண்டி வராது" என்கிறார். ஜவ்வரிசி வெளுக்க இந்தத் தொழிலில் கந்தக ஆசிட் ஊற்றியதுண்டு, மறைக்கவில்லை. எங்கள் ஆலையில் அதை விட்டுப் பல வருஷமாகிறது. சரி, பிளான்ட் போடும் முன் எங்கள் தண்ணீரைக் கேனில் பிடித்துப்போய்ச் சோதித்தது நீங்கள்தானே? பிளான்ட்டுக்குள் ஹைட்ரஜன் சல்பைடாக மாறுவது தண்ணீரில் உள்ள சல்பேட்தான்; அந்த ரிப்போர்ட்டில் அது எவ்வளவு என்று பாருங்கள். அதிகம் என்றால் அதற்கேற்ற ஃபில்டரை அப்போதே கொடுத்திருக்க வேண்டும். குறைவு என்றால், இன்று ஆசிட் பேச்சு எதற்கு?

தை பிறந்து அரவை உச்சத்தில் இருக்கிறது. வறுப்பு அடுப்புக்குப் போக மிச்ச கேஸைச் சும்மா கொளுத்திவிடுகிறோம். மோட்டாருக்கு மின்வாரியக் கரண்ட், அது நின்றால் டீசல். கேஸ் கையில் இருந்தும் டீசல் கேன் தூக்குவது வயிற்றெரிச்சல்.

10 நாளுக்குள் ஆள் அனுப்பி, எஞ்சினைச் செலவில்லாமல் சரிசெய்து தாருங்கள். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் ஹைட்ரஜன் சல்பைடு அளந்து, சுருள் மாற்றும் கணக்கையும் எழுத்தில் கொடுங்கள். உதிர்ந்த பேரிங்கை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், வருகிறவர் பார்க்கலாம். கடைசித் தவணைக் காசோலையும் பக்கத்திலேயே இருக்கிறது. வேலை முடிந்த அன்று வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஆலை உரிமையாளர்,
ஆத்தூர், சேலம் மாவட்டம்.