ஆற்றுவாய்க் காணி: அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

அப்பாவின் ஆற்றுவாய்க் காணியை விற்கச் சொல்கிறாய். விற்கிற உறுதியில் நான் கையெழுத்து வைக்கமாட்டேன். சுற்றிவளைத்துச் சொல்ல மனமில்லை.

அப்பாவின் திவசம் முடிந்த மறுநாள் விடியப்புறம் மூதூர் இறங்குதுறையிலிருந்து நடக்கத் தொடங்கினேன். இறால்குழி, மகாவலி கங்கை, உப்பாறு, அப்புறம் கிண்ணியா. அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு போன அதே வழி. கச்சான் காற்று முகத்தில் அனலாக அடித்தது. குடாவுக்கு அந்தப் பக்கம் கோணேசர் மலை தெரிந்தது. கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் யாருடைய மகன் என்று கேட்டார்கள். சொன்னதும் ஒரு பெரியவர் கயிற்றை விட்டுவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பேசவில்லை. இறால்குழிக்குக் கிட்டக் கண்ணாக்காடு, அந்த அலையாத்தி மரக்காடு, கரையை மறித்துவிடுகிறது, வீதிக்கு ஏறித்தான் போகவேண்டும். ஒரு கை மட்டும் பெருத்த அந்தச் சின்ன நண்டுகள் இன்னும் இருக்கின்றன. வளை வாசலில் நின்று கையை ஆட்டும், எங்கள் நிழல் விழுந்தால் உள்ளே ஓடிவிடும்.

அப்பாவோடு நாங்கள் நடந்தது 2003 மாசி. போர் நின்றிருந்த சமாதான காலம் என்பதால்தான் அன்றைக்கு அந்தப் பக்கம் நடக்கவே முடிந்தது. மழை விட்டும் கங்கை கலங்கலாக ஓடியது. அப்போது பாலம் ஏது, பாதை என்கிற மிதவைப் படகில்தான் கடக்கவேண்டும். நடு ஆற்றில் அப்பா மேல்தண்ணீரைக் கையால் அள்ளி உன் நாக்கில் வைத்தார். நல்ல தண்ணீர். பிறகு சோடாப் போத்தலின் கழுத்தில் கல்லைக் கட்டி, தக்கையை வேறொரு நூலில் கட்டி, அடிவரை இறக்கி, நூலைச் சுண்டினார். மேலே குமிழி வந்தது. அந்தப் போத்தலை வாயில் வைத்த உடனேயே நீ துப்பினாய். "உப்புத்தண்ணி கனம், பிள்ளை. ஆற்றுத்தண்ணி அதுக்கு மேலே எண்ணெய் மாதிரி மிதந்து போகும். மேலே ஆறு கடலுக்குப் போகுது, அடியிலே கடல் ஆற்றுக்குள்ளே வருகுது."

அப்படியானால் கோடையில் எங்கள் கிணறு கரிக்கிறதும் இதனாலோ என்று நீ கேட்டாய். அப்பாவின் முகத்தை அன்றைக்குப் பார்க்கவேண்டும். 335 கிலோமீற்றர் ஓடிவருகிற ஆற்றை 1976 இல் பொல்கொல்லையில் திருப்பியது, அப்புறம் விக்டோரியா அணையில் மறித்தது, ஆறு மெலிந்தால் உப்பு மேலே ஏறுவது எல்லாவற்றையும் கிண்ணியாவரைக்கும் உன்னிடமே சொல்லிக்கொண்டு நடந்தார். நான் போத்தலைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தேன். என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை.

நீதான் அவருடைய பிள்ளை. அதில் எனக்குப் பொறாமை இருந்தது, பெருமையும் இருந்தது. அப்படிப்பட்ட நீ எப்படி விற்கச் சொல்கிறாய்?

2006 ஆவணியில் கந்தளாய்ப் பக்கம் நடந்த நடையை இங்கே எழுதமாட்டேன். பலரும் படிக்கிற இடம், நாங்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறோம். அம்மாவை நான் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனேன் என்பது மட்டும் போதும். நீ அதற்கு முன்பே போய்விட்டாய். போகச் சொன்னது அப்பாதான், உன்மேல் குறையில்லை. இல்லை, இருக்கிறது. செத்தவீட்டுக்கு நீ வராததற்கு ஊரில் நான் சொல்கிற காரணம் வேறு. அது அப்படியே இருக்கட்டும்.

இந்த முறை கங்கைப் பாலத்துக்குக் கீழே இறங்கி மேல்தண்ணீரையே நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. உனக்குச் சொல்லவேண்டும் என்று தொலைபேசியை எடுத்தேன், அங்கே நடுச்சாமம் என்று வைத்துவிட்டேன்.

வாங்க வந்தவர் கண்ணாவை வெட்டி மண் போட்டு நிரப்பப்போவதாகத் தன் வாயாலேயே சொன்னார். இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளர்கிறது அந்த வேர்களுக்குள்தான். அதை நம்பி வீச்சுவலை போடுகிறவர்கள் அப்பாவின் பாடையைத் தூக்கிக்கொண்டு போனவர்கள். அவர்கள் முகத்தில் நான் எப்படி முழிப்பது?

உன் பிள்ளையின் படிப்புக்குக் காசு வேண்டும் என்பது தெரியும். அதை நினைத்தால் நித்திரை வருவதில்லை, மன்னித்துக்கொள் அக்கா. உன் பங்கை நானே வாங்கிக்கொள்கிறேன், மாதாமாதம் அனுப்புகிறேன். எவ்வளவு என்று நீயே சொல், பேரம் பேசமாட்டேன். அத்தானுக்கு நீதான் சொல்லவேண்டும். நான் சொன்னால் அவர் விலையைப் பற்றி மட்டும் பேசுவார், எனக்கும் வாயில் ஏதாவது வந்துவிடும்.

தம்பி