கோடியக்கரைக்குக் கேமராவோடு வரும் அன்பர்களுக்கு

வணக்கம். யாரையும் பெயர் சொல்லி எழுதவில்லை. போன ஞாயிறு காலை உப்பளக் கரையில் வெள்ளைக் காரிலிருந்து இறங்கியவர்களுக்குப் புரியும்.

தினமும் விடியலில் அங்கே உட்கார்ந்து பறவைகளை எண்ணி நோட்டில் எழுதுகிறவன் நான். அன்று பூநாரை 412 வரை வந்திருந்தேன். பறக்கிற படம் வேண்டுமென்று உங்களில் ஒருவர் கை தட்டினார், இன்னொருவர் ஹாரனை அழுத்தினார். நின்ற இடத்திலிருந்து அப்படியே எழும்பப் பூநாரையால் முடியாது, தண்ணீரில் ஓடித்தான் எழும். மொத்தக் கூட்டமும் ஓடியது. வேண்டாம் என்று சொன்னேன். "பறவைன்னா பறக்கத்தானேண்ணே செய்யும்" என்று பதில் வந்தது.

என் கணக்கு போகட்டும். பூநாரைக்குப் பின்னால் சேற்றில் மேய்ந்துகொண்டிருந்த கொசு உள்ளான் என்கிற குட்டிப் பறவைகளை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். எடை 25 கிராம் இருக்கும், எலுமிச்சம்பழம் அதைவிடக் கனம். ஆர்க்டிக் பக்கமிருந்து வந்தது, கோடை முற்றுமுன் திரும்பிப் போக வேண்டும். இந்தச் சேற்றில் தின்று உடம்பில் கொழுப்பு ஏறினால்தான் போய்ச்சேரும். விரட்ட விரட்ட, தின்றதெல்லாம் சிறகடிப்பிலேயே கரைகிறது. ஏழு மணியிலிருந்து எட்டரைக்குள் ஆறு தடவை எழுப்பினீர்கள். எண்ணுவது பழக்கமாகிவிட்டதால் அதையும் எண்ணினேன்.

தயவுசெய்து பறவைகளை எழுப்பாதீர்கள். சேற்றுப் பூனைப்பருந்து வந்தால் கூட்டம் தானாக எழும்பும், காத்திருந்தால் படம் கிடைக்கும். ஆனால் உங்களுக்கு மதியம் வேளாங்கண்ணி, சாயங்காலம் திருநள்ளாறு. பருந்துதான் உங்கள் நேரத்துக்கு வர வேண்டும்!

1967இல் சரணாலயமாகி, 2002இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறிய இடம் இது. 2018இல் கஜா புயல் காட்டை முறித்துப் போட்டபோதும் தாங்கியது. உங்கள் ஞாயிற்றுக்கிழமைகளைத் தாங்குமா என்றுதான் தெரியவில்லை. இங்கே ராமர் பாதம் என்கிற மேட்டில் குரங்குக்குச் சிப்ஸ். வெளிமான் ஓடினால்தான் அழகு என்று அதற்கும் ஒரு விரட்டு. மேய்கிற மானுக்கு என்ன குறைச்சல்?

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். கேட்பது ஒன்றுதான்: எழுப்பாதீர்கள். கரையைவிட்டுச் சேற்றில் இறங்காமல், ஹாரன் அடிக்காமல் பாருங்கள். ஆறு மணிக்கு வந்தால் நான் அங்கேதான் இருப்பேன். பக்கத்தில் உட்கார இடமுண்டு, பைனாகுலரும் தருகிறேன்.

இப்படிக்கு,
உப்பளக் கரையில் நோட்டோடு உட்கார்ந்திருப்பவன்