லயத்துப் பிள்ளையிடம் 1950க்கு முந்தைய தாளைக் கேட்காதீர்கள்

கேரள அரசின் வருவாய்த் துறைக்கும் பட்டியல் சாதியினர் மேம்பாட்டுத் துறைக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அமைச்சர்களுக்கும் துறைச் செயலர்களுக்கும்,

வணக்கம். இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன். குறை தீர்க்கக் கோரும் மனுவை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் எழுதலாம் என்று அரசியல் சட்டத்தின் 350ஆவது பிரிவு சொல்கிறது. பீருமேடு தாலுகாவின் தேயிலைத் தோட்டங்களில் பிரிட்டிஷ் துரைமார் காலத்திலிருந்து வழங்கும் மொழி இது. இதே தாலுகாவின் தமிழ்வழிப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். தோட்டத் தொழிலாளர்களுக்குத் தோட்டம் கொடுத்த வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் மறுக்கப்படுவது பற்றி எழுதப்போகிறேன். உங்கள் இரு துறைகளுக்கும் இது புதிதல்ல. கோப்புகளில் பலமுறை பார்த்திருப்பீர்கள். ஆகவே பழைய கதையை முழுவதும் சொல்லாமல், போன மாதம் நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

என்னிடம் படித்த ஒரு பெண்ணின் மகள் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்துத் தேறினாள். அவளுடைய சாதிச் சான்றிதழ் விண்ணப்பம் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்தது. காரணம் ஒரே வரியில் இருந்தது: 10.08.1950க்கு முன்பு குடும்பம் இந்த மாநிலத்தில் வசித்ததற்கான ஆவணம் இணைக்கப்படவில்லை. அந்த வரியை அரசின் இணையச் சேவை மையமான அக்ஷயா மையத்துப் பையன் மலையாளத்தில் படித்துக் காட்ட, தாய் என்னிடம் தமிழில் சொல்ல, நான் என் திண்ணையில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பிள்ளைக்கு வயது 16. அவளிடம் கேட்கப்படும் தாள் அவள் கொள்ளுப்பாட்டியின் குழந்தைப் பருவத்தைச் சேர்ந்தது.

சட்டம் எனக்குத் தெரியும். பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்தது. அன்றைக்கு ஒரு குடும்பம் எந்த மாநிலத்தில் நிலையாக வாழ்ந்ததோ அந்த மாநிலத்தில்தான் அதன் வழியினருக்கு உரிமை. உச்ச நீதிமன்றம் 1990இலும் 1994இலும் மறுபடி 2018இலும் இதை உறுதி செய்திருக்கிறது. அந்தத் தீர்ப்புகளோடு நான் வழக்காட வரவில்லை. அந்தத் தேதிக்கு முன்பே வந்த குடும்பத்தையும் அதற்குப் பின் வந்த குடும்பத்தையும் நீங்கள் எதைக் கொண்டு பிரிக்கிறீர்கள் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன். தாளைக் கொண்டு பிரிக்கிறீர்கள். தாள் யாரிடம் இருக்கும்?

கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951இல் வந்தது. வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 1952இல் வந்தது. முதல் பொதுத்தேர்தல் 1951 கடைசியில் தொடங்கி 1952இல் முடிந்தது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் வந்தது. கொழுந்து எடுக்கும் ஒரு மனிதனின் பெயரை அரசாங்கம் ஒழுங்காக எழுதத் தொடங்கியதே 1950க்குப் பிறகுதான். எழுதத் தொடங்குவதற்கு முந்தைய நாளின் எழுத்தைக் கேட்கிறீர்கள். நிலம் இருந்தவனிடம் ஆதாரப் பத்திரம் இருக்கும். லயத்தில் இருந்தவனுக்குச் சுவரும் சொந்தமில்லை, கூரையும் சொந்தமில்லை. ஓய்வு பெற்றால் அறையைக் காலி செய்து கொடுத்தால்தான் கிராஜுவிட்டி என்று நிற்கும் தோட்டங்கள் இன்றும் உண்டு.

அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களின் பெயரை எழுதி வைத்தது இரண்டே இடத்தில். ஒன்று தோட்டத்துச் செக்ரோல், அதாவது ஆட்களின் வேலைப் பதிவேடு. அதிலும், ஆட்களை மேய்த்த மேற்பார்வையாளரான கங்காணியின் பெயருக்குக் கீழே ஆளின் பெயர் மட்டும் இருக்கும், அப்பன் பெயர் இருக்காது, ஊர் இருக்காது. பீருமேட்டில் 2000ஆம் ஆண்டை ஒட்டிப் பல தோட்டங்கள் பூட்டப்பட்டபோது அலுவலகங்களும் பூட்டப்பட்டன. பல ஆண்டு கழித்துத் திறந்த ஓர் அலுவலகத்துக்குள் நான் போயிருக்கிறேன். பேரேடு என்று கையில் எடுத்தது கரையான் மண்ணாக உதிர்ந்தது. இன்னொன்று தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு. அதில் தேதி இருக்கும், அப்பன் பெயர் இருக்கும், சில இடங்களில் லயத்தின் எண்கூட இருக்கும். ஆனால் அதைக் கொண்டுவந்து காட்டினால் ‘நீங்கள் கிறிஸ்தவர்’ என்ற கேள்வி எழும். அதே 1950 ஆணையின்படி கிறிஸ்தவருக்குப் பட்டியல் சாதி உரிமை கிடையாது. 1940களில் தாத்தாவின் தம்பி ஒருவர் வேதத்தில் சேர்ந்தார் என்பதற்காக, இன்று மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் குடும்பம் அந்த ஏட்டைத் தொடவே அஞ்சுகிறது. இருக்கும் ஒரே சாட்சியையும் மறைத்து வைக்க வேண்டிய நிலை.

இந்தத் தாய் என்ன செய்தார் என்று சொல்கிறேன். முதலில் வில்லேஜ் ஆபீஸ். அங்கிருந்து தாலுகா அலுவலகம். அங்கே, ‘உங்கள் பூர்வீகம் தமிழ்நாடுதானே, அங்கே வாங்கிக்கொள்ளுங்கள்’ என்றார்கள். இரண்டு நாள் கூலியை விட்டு, குமுளி இறங்கி, கம்பம், தேனி, ராஜபாளையம் என்று பஸ் மாறி மாறிச் சங்கரன்கோவில் பக்கத்து ஊருக்குப் போனார். அந்த ஊரைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, பாட்டி சொன்ன ஒரு வேப்பமரமும் ஒரு கோயில் பெயரும்தான். வேப்பமரம் இல்லை. கிராம நிர்வாக அலுவலர் நல்ல மனிதர். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, பழைய கணக்குகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ‘அம்மா, உங்கள் ஆட்கள் பெயர் இங்கே எந்தக் கணக்கிலும் இல்லை. நீங்கள் கேரளத்துக்காரர்கள். அங்கேதான் கேட்க வேண்டும்’ என்றார். திரும்பி வந்தார். இங்கே தமிழர், அங்கே மலையாளத்துக்காரர். ஏறும்போதும் இறங்கும்போதும் குமுளி சோதனைச் சாவடியில் அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளையின் படிப்புக்கு என்று போனால்தான் எல்லை வந்து நிற்கிறது.

அவர்களுடைய சாதியின் பெயர் தமிழ்நாட்டுப் பட்டியலிலும் இருக்கிறது, கேரளப் பட்டியலிலும் இருக்கிறது. பறையர், பள்ளர், சக்கிலியர் எல்லாருமே இரண்டிலும் இருக்கிறார்கள். தோட்டத்தில் அவர்களை அந்தப் பெயரால் ஒதுக்குவதற்கு எவரும் ஒருநாளும் ஆவணம் கேட்டதில்லை. டீக்கடையில் கேட்டதில்லை, பெண் எடுக்கும் இடத்தில் கேட்டதில்லை. உதவி தர வேண்டிய இடத்தில் மட்டும் கேட்கிறீர்கள்.

ஒரு சாதிச் சான்றிதழ் எப்படி ஒரு பிள்ளையின் வறுமையாகிறது என்று, கோப்பின் மறுபக்கத்தில் இருக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்பது, பத்தாம் வகுப்பில் வீட்டிலிருந்து வந்து படிக்கும் பட்டியல் சாதிப் பிள்ளைக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் கல்வி உதவித்தொகை உண்டு. சிறிய தொகைதான். எங்கள் மலையில் அது ஒரு குடை, ஒரு ஸ்வெட்டர், ஒரு ஜோடி செருப்பு, ஜூன் மாதத்து நோட்டுப் புத்தகங்கள். இந்தப் பெண் இரண்டு ஆண்டும் அதை வாங்கவில்லை. ஜூன், ஜூலை மழையில் உரச் சாக்கின் பிளாஸ்டிக் உறையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நாலு கிலோமீட்டர் நடந்து வந்து, ஈரத் துணியோடு மாலை வரை உட்கார்ந்திருப்பாள் என்று அவள் ஆசிரியை சொன்னார். வீட்டுக்குப் போனால் ஒரே அறை; அடுப்பும் அங்கே, படுக்கையும் அங்கே, தம்பியின் தொட்டிலும் அங்கே. பட்டியல் சாதி மாணவர்களுக்கு 120 சதுர அடியில் படிப்பறை கட்ட 2 லட்ச ரூபாய் தருகிறீர்கள். மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அது சொந்த வீட்டோடு சேர்த்துக் கட்டுவது. லயத்தில் சொந்த வீடு ஏது? சான்றிதழும் இல்லை, வீடும் இல்லை. இரண்டு கதவும் சாத்தியிருக்கின்றன.

பதினொன்றாம் வகுப்புக்கு அவள் கேட்ட பாடம் பக்கத்துப் பள்ளியில் இல்லை. விடுதியில் தங்கித்தான் படிக்க வேண்டும். விடுதிக்குச் சான்றிதழ் வேண்டும். சேர்க்கையின் கடைசி நாள் மாலை வரை அந்தத் தாய் தாலுகா அலுவலக வராந்தாவில் நின்றார். இன்று அந்தப் பிள்ளை ஓர் ஏலக்காய்க் கிடங்கில் காய் பிரிக்கிறாள். முதல் தரத்தையும் இரண்டாம் தரத்தையும் விரல் நுனியால் ஒதுக்கிக்கொண்டிருக்கிறாள். நான் போய்ப் பார்த்தேன். ‘சார்’ என்று எழுந்து நின்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை.

ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான். 1950ஐ நிரூபிக்கும் சுமையைப் பிள்ளையின் தலையிலிருந்து இறக்குங்கள். சாதியை நிரூபிக்கும் பொறுப்பு விண்ணப்பிப்பவர் மீதே என்று 1996ஆம் ஆண்டுச் சான்றிதழ்ச் சட்டம் சொல்கிறது, அறிவேன். போலிச் சான்றிதழைத் தடுக்க வந்த சட்டம் அது. அந்த அக்கறை எனக்கும் உண்டு. ஆனால் என்ன சான்று போதும் என்று வகுப்பது உங்கள் கையில் இருக்கிறது. லயத்தில் இன்னும் உயிரோடு இருக்கும் முதியவர்களின் வாக்குமூலத்தைப் பதிவு செய்து ஆதாரமாக ஏற்றுக்கொள்ளுங்கள். எஞ்சியிருக்கும் செக்ரோல்களை அரசே கைப்பற்றிப் பாதுகாத்துப் படியெடுக்கட்டும். மானிடவியல் விசாரணைக்கென்றே கோழிக்கோட்டில் கிர்டாட்ஸ் நிறுவனத்தை வைத்திருக்கிறீர்கள். சந்தேகம் வந்த பிறகு விசாரிக்க அனுப்புவதை விட்டு, விசாரித்து உறுதி செய்ய முன்கூட்டியே தோட்டம் தோட்டமாக அனுப்புங்கள். இதெல்லாம் முடியும் வரை பிள்ளையின் உதவித்தொகையையும் விடுதி இடத்தையும் நிறுத்தாதீர்கள். பட்டியலில் இல்லாத சில சமூகங்களை ‘மற்றத் தகுதியுள்ள சமூகங்கள்’ என்று தனியே வகுத்து அரசின் சொந்த நிதியில் கல்வி உதவி தருகிற மாநிலம் இது. மனம் இருந்தால் வழி கண்டுபிடிக்கத் தெரிந்த அரசு என்பதற்கு அதுவே சான்று.

நானும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பள்ளியில் சேர்க்கும்போது சாதியை எழுதுவது பிள்ளைக்கு அவமானம் என்று எண்ணி, பணியின் தொடக்க ஆண்டுகளில் சில பிள்ளைகளின் பதிவில் ‘இந்து’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன். நல்லது செய்கிறேன் என்று நினைத்தேன். அவர்களுடைய பிள்ளைகள் இன்று அந்தக் காலியிடத்துக்காகவும் அலைகிறார்கள். அந்தப் பிழைக்கு நான் பொறுப்பு. அதைத் திருத்த எந்த அலுவலகத்திலும் வந்து கையெழுத்திடத் தயார்.

2025 நவம்பர் 1 அன்று, கேரளம் பிறந்த நாளில், அதிதீவிர வறுமை இல்லாத மாநிலம் என்று அறிவித்தீர்கள். 64,006 குடும்பங்களை வீடு வீடாகத் தேடிக் கண்டறிந்து, பலருக்கு முதல் வேலையாக ரேஷன் அட்டையும் ஆதாரும் வாக்காளர் அட்டையும் எடுத்துக் கொடுத்தீர்கள். தாள் இல்லாமையே வறுமையின் ஒரு முகம் என்று உணர்ந்து செய்த வேலை அது. நான் அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அன்று தேடி வந்த அரசு, சாதிச் சான்றிதழ் என்றதும் ஏன் மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது? ரேஷன் அட்டை இந்த மாதத்து அரிசியைக் கொடுக்கும். லயத்துப் பிள்ளையை லயத்திலிருந்து வெளியே கொண்டுவருவது படிப்பு மட்டும்தான்.

முல்லைப் பெரியாறு அணைக்கான 1886ஆம் ஆண்டின் குத்தகைப் பத்திரம் இருக்கிறது. 1877இல் மூணாறுப் பக்கத்துக் கண்ணன் தேவன் மலை மன்றோ துரையின் கைக்குப் போன கணக்கு இருக்கிறது. எத்தனை ஏக்கர், என்ன வாடகை, யார் கையெழுத்து, எல்லாம் இருக்கிறது. அந்தக் காட்டை வெட்டியவர்கள், மலேரியாவில் செத்தவர்கள், அணைக்குக் கல் சுமந்தவர்கள், முதல் தேயிலைக் கன்றை நட்டவர்கள், இவர்களின் பெயர் இல்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் நிலச்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போய் 70 பேரை இழந்தோம். நாலு பேரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்த அறைகளின் தகரப் பெட்டிகளுக்குள் எத்தனை குடும்பத்தின் தாள்கள் இருந்தனவோ. தோட்டத்தில் ஒரு தாளைக் காப்பாற்றுவது எவ்வளவு கடினம் என்று அந்த மலைச்சரிவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நீங்களும் பார்த்தீர்கள்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் பணிவோடு கேட்கிறேன்: 1950ஐ நிரூபிக்கும் சுமையைப் பிள்ளையின் தலையிலிருந்து இறக்குங்கள். அடுத்த கல்வியாண்டின் சேர்க்கைக்கு முன் ஓர் ஆணை வந்தால், அந்தப் பெண்ணை நானே கூட்டிக்கொண்டு போய்ப் பள்ளியில் சேர்ப்பேன். ஒரு வருடம்தான் போயிருக்கும்.

அவளுடைய கொள்ளுப்பாட்டி இன்னும் அதே லயத்தில் இருக்கிறார். 1950இல் தமக்குப் பத்து வயது என்கிறார். தாம் பிறந்தது எத்தனையாவது லயம், கங்காணி யார், தொண்ணூற்றொன்பது வெள்ளத்தில் (கொல்லம் ஆண்டு 1099, அதாவது 1924) மண்சுவர் கரைந்ததைத் தம் அப்பா எப்படிச் சொல்வார் என்று நிறுத்தாமல் சொல்கிறார். எழுதிக்கொள்ள ஓர் அலுவலரை அனுப்புங்கள். மதியத்துக்கு மேல் அவருக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. காலையில் வரச் சொல்லுங்கள். மழைக்கு முன் வந்தால் ஜீப் லயம் வரை வரும்.

இப்படிக்கு,
பணிவன்புடன்,
ஓய்வு பெற்ற தமிழ் ஆசிரியன்,
பீருமேடு தாலுகா, இடுக்கி மாவட்டம்