நெல்லை வட்டாரத்து வரி ஆலோசகர்களுக்கு: அலுவலக மின்னஞ்சலுக்கு ஒரு சாவி வாங்குங்கள்

மதிப்பிற்குரிய அண்ணாச்சிமார்களுக்கும் அக்காமார்களுக்கும், இப்போதுதான் பெயர்ப்பலகை மாட்டியிருக்கும் தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம். பாளையங்கோட்டையில் வரிக்கணக்கு பார்த்துப் பிழைக்கும் உங்களில் ஒருவன் எழுதுகிறேன். இதை வங்கிகளுக்கு எழுதியிருக்கலாம், அரசுக்கும் எழுதியிருக்கலாம். அவர்கள் மாறும்போது மாறட்டும். நம் மேசையில் நாமே இந்த வாரம் செய்துவிடக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது: அலுவலக மின்னஞ்சலுக்கு ஒரு பாதுகாப்புச் சாவி, அதாவது உள்ளே நுழையும்போது கணினியில் செருகும் சிறு கருவி, வாங்கி வைப்பது. அதனால் மடல் உங்களுக்கு.

நம்மிடம் என்னென்ன வந்து சேர்ந்திருக்கிறது என்று கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். டவுன் ரதவீதியில் அல்வாக் கடை, முக்கூடலில் பீடி, கல்லிடைக்குறிச்சியில் அப்பளம், பத்தமடையில் பாய், அம்பாசமுத்திரத்தில் அரிசி ஆலை, வள்ளியூரில் இரும்புக் கடை என்று யார் என்ன தொழில் செய்தாலும், அவருடைய ஜி.எஸ்.டி. கடவுச்சொல்லும் வருமான வரிக் கடவுச்சொல்லும் நம்மில் யாரோ ஒருவருடைய எக்செல் தாளில் இருக்கின்றன. பான் அட்டை, ஆதார் நகல், வங்கிக் கணக்கு விவரம் தொடங்கி பாகப்பிரிவினைப் பத்திரம் வரை மின்னஞ்சலில் வந்து கிடக்கின்றன. "எனக்கு எதற்கு மெயில், உங்கள் மெயிலையே போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொன்ன முதலாளிகள் எத்தனை பேர்! நாமும் வேலை சுலபம் என்று போட்டுக்கொண்டோம். ஆக, ஒரு கடைவீதியின் பாதிக் கணக்குகளுக்குக் கடவுச்சொல் மாற்றும் செய்தி வந்து சேருமிடம் நம் அலுவலக ஜிமெயில். அதற்குள் ஒருவன் நுழைந்துவிட்டால் அவன் கடை கடையாக ஏறி யாரையும் ஏமாற்ற வேண்டியதில்லை. தேடல் பெட்டியில் 'பான்' என்று தட்டினால் வேண்டியதெல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

அதற்கு நாம் போட்டிருக்கும் காவல் ஒரு கடவுச்சொல். விவரமானவர்கள் கூடவே ஓ.டி.பி.யும் வைத்திருப்பார்கள். இந்த ஓ.டி.பி.யைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசத்தான் வேண்டும், ஏனென்றால் இந்த ஊரில் அதன் மதிப்பைக் கெடுத்ததில் நம் தொழிலுக்குப் பெரிய பங்கு உண்டு.

2025 ஏப்ரல் 1 முதல் இ-வே பில் (சரக்கு அனுப்பப் போடும் பில்), இ-இன்வாய்ஸ் (மின்னணு விலைப்பட்டியல்) தளங்களில் வரி செலுத்துவோர் எல்லோருக்கும், கடவுச்சொல்லோடு ஓ.டி.பி.யும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நடப்பது என்ன? சரக்கு ஏற்றிய லாரி இரவில் காத்து நிற்கிறது. பில் போட நாம் உள்ளே நுழைய வேண்டும். எண் போய்ச் சேர்வதோ முதலாளியின் கைப்பேசிக்கு. அவர் பாபநாசத்தில் ஒரு கல்யாண வீட்டில் இருக்கிறார். நம் அலுவலகப் பையன் போன் போடுகிறான்: "அண்ணாச்சி, ஆடிட்டர் ஆபீசிலிருந்து பேசுகிறேன். ஒரு ஓ.டி.பி. வந்திருக்கும், கொஞ்சம் சொல்லுங்கள்." அவரும் யார் எவர் என்று கேட்காமல் எண்ணை வாசிக்கிறார். மாதம் முழுக்க இதே கதை. பிறகு ஒருநாள் எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒருவன் அதே வார்த்தைகளை அதே மரியாதையோடு சொல்கிறான். பாவம், அவருக்கு எப்படித் தெரியும்? "ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று வங்கி அனுப்பும் ஒவ்வொரு குறுஞ்செய்திக்கும் கீழே, "ஆடிட்டரைத் தவிர" என்று நாம்தான் எழுதிச் சேர்த்திருக்கிறோம்.

மேலப்பாளையம், ஏர்வாடி பக்கத்து வாடிக்கையாளர்கள் விஷயம் இன்னும் மோசம். முதலாளி துபாயில் இருப்பார், அவருடைய இந்திய சிம் தம்பியிடம் இருக்கும், தம்பிக்கு வரும் எண் குடும்ப வாட்ஸ்அப் குழு வழியாகச் சுற்றி நமக்கு வரும்.

யாரிடமும் சொல்லாமல் நாமே தட்டினால் பயமில்லை என்று நினைக்கிறீர்களா? 2022 ஜூலையில் நடந்ததைக் கேளுங்கள். கிளவுட்ஃப்ளேர் என்ற அமெரிக்க இணைய நிறுவனத்தின் ஊழியர்களுக்கு, அலுவலகத்திலிருந்து வந்தது போலவே ஒரு குறுஞ்செய்தி வந்தது. அதிலிருந்த இணைப்பு, நிறுவனத்தின் நுழைவுப் பக்கத்தை அச்சு அசலாக நகலெடுத்த போலிப் பக்கத்துக்குப் போனது. அந்த முகவரியைப் பதிவு செய்தே 40 நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. இணையப் பாதுகாப்பையே தொழிலாகக் கொண்ட அந்த நிறுவனத்திலும் மூன்று பேர் கடவுச்சொல்லைத் தட்டிவிட்டார்கள். அங்கே தட்டியது உடனுக்குடன் திருடனின் கைக்குப் போனது. அவர்கள் ஓ.டி.பி. தட்டியிருந்தால் அதுவும் போயிருக்கும், அது காலாவதியாகும் முன்பே திருடன் உண்மையான தளத்தில் நுழைந்திருப்பான். அதே வலையில் விழுந்த, குறுஞ்செய்திச் சேவை தரும் டிவிலியோ நிறுவனத்தில் வாடிக்கையாளர் தகவல்கள் வெளியே போயின. கிளவுட்ஃப்ளேர் தப்பியது. ஊழியர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பாதுகாப்புச் சாவி இருந்ததுதான் காரணம்.

அந்தச் சாவி பென் டிரைவைவிடச் சிறியது. யு.எஸ்.பி. துளையில் செருகலாம், சிலவற்றைக் கைப்பேசியின் முதுகில் ஒட்டியும் காட்டலாம். மின்கலம் இல்லை, சிம் இல்லை, துபாயிலும் ஒன்றுதான் தாழையூத்திலும் ஒன்றுதான். ஒரு தளத்தில் பதிவு செய்யும்போது அதற்குள் ஒன்றுக்கொன்று பொருந்தும் ஒரு சோடி எண்கள் பிறக்கின்றன. ஒரு பாதி தளத்துக்குப் போகிறது. ரகசியமான மறுபாதி சாவியை விட்டு வெளியே வருவதேயில்லை, நாமே கேட்டாலும் தராது. பிறகு நாம் உள்ளே நுழையும்போதெல்லாம் தளம் ஒரு புதிரை அனுப்புகிறது, நாம் விரலால் தொட்டதும் சாவி அதற்குக் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்புகிறது. எந்த முகவரியில் நிற்கிறோம் என்பதைச் சாவிக்குச் சொல்வது பிரவுசர். முகவரியில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் சாவி கையொப்பம் போடாது. ரிட்டர்ன் கடைசி நாள் நள்ளிரவில் நம் கண் ஏமாறலாம், சாவி ஏமாறாது. இன்னொன்று, போனில் வாசித்துக் காட்ட அதில் எண்ணே கிடையாது. "அண்ணாச்சி, அதைக் கொஞ்சம் சொல்லுங்கள்" என்று எவன் கேட்டாலும் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

இது நேற்று முளைத்ததும் இல்லை. கூகுள் கணக்குகளுக்கு 2014இல் வந்தது. 2019 மார்ச்சில் வெப்ஆத்தன் என்ற பெயரில் வலையுலகின் பொது நெறியானது. 85,000க்கும் மேற்பட்ட தன் ஊழியர்களுக்குச் சாவியைக் கட்டாயமாக்கிய 2017 தொடக்கத்திலிருந்து, வேலைக் கணக்கு ஒன்றுகூடப் போலிப் பக்கத்தில் பறிபோகவில்லை என்று கூகுள் 2018இல் சொன்னது.

நியாயமாகப் பார்த்தால் இதை ஊருக்கே சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான். கணினியில் ஆவணங்களுக்குக் கையொப்பமிட உதவும் டிஜிட்டல் கையொப்ப டோக்கனை இத்தனை காலம் செருகி எடுத்தவர்கள் வேறு யார்? ரகசியம் பொருளுக்குள் இருக்கிறது, பொருளைக் கையில் வைத்திருப்பவன்தான் பயன்படுத்தலாம் என்ற தத்துவம் இரண்டுக்கும் பொது. டோக்கனுக்கு டிரைவர் வேண்டும், கையொப்ப மென்பொருள் வேண்டும், இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் அந்த நாளே போயிற்று. காலாவதி ஆனால் மறுபடி காசு. பாதுகாப்புச் சாவிக்கு டிரைவரும் கிடையாது, ஆண்டுச் சந்தாவும் கிடையாது. சட்டப்படி செல்லும் கையொப்பத்தை இது போடாது. அதற்கு டோக்கன் தொடர்ந்து வேண்டும்.

பேச்சு வந்த இடத்தில் இதையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வாடிக்கையாளர்களின் டோக்கன்களை இழுப்பறையில் குவித்துவைத்து, ஒவ்வொன்றின் முதுகிலும் பின் நம்பரை எழுதி ஒட்டியிருக்கும் அலுவலகங்கள் எத்தனை என்று உங்களுக்கும் தெரியும். ஒரு மனிதரின் கையொப்பத்தை இழுப்பறையில் வைத்துக்கொண்டு, நம் ஜிமெயிலுக்கு மட்டும் சாவி வாங்கிப் பயனில்லை. திருப்பிக் கொடுங்கள்.

"திருநெல்வேலியில் நம்மை யார் தேடி வரப்போகிறார்கள்" என்று கேட்பவர்களுக்கு: 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணினி ஒன்றில் உளவு மென்பொருள் புகுந்ததை அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் வலையமைப்பு அதிலிருந்து தனியாக இருந்தது, அதற்குள் எதுவும் போகவில்லை. சாவி இருந்தால் அதைத் தடுத்திருக்கும் என்று சொல்ல வரவில்லை, அது வேறு வகை. ராதாபுரம் தாலுகாவுக்கும் உலகத்துக்கும் நடுவே தூரம் எதுவும் இல்லை என்பதற்காகச் சொன்னேன். நம்மைத் தேடி வருபவன் நம் பெயரைத் தெரிந்து வருவதில்லை. பத்தாயிரம் பேருக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்புகிறான், அதில் நாமும் இருப்போம்.

விலை என்றால் ஒன்று சில ஆயிரம் ரூபாய். தாமதக் கட்டணம் என்று நம் வாடிக்கையாளர்கள் ஆண்டுதோறும் கட்டுவதைப் பார்க்கும் நமக்கு இது பெரிய தொகை இல்லை. வாங்கினால் இரண்டாக வாங்குங்கள். ஒன்று கையில், மற்றது வீட்டு பீரோவில். இரண்டையும் ஒரே நாளில் பதிவு செய்துவிடுங்கள். ஒன்று தொலைந்தால் மற்றதால் நுழைந்து, தொலைந்ததைக் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம். எடுத்தவனுக்கு அது யாருடையது, எந்தக் கணக்குக்கு உரியது என்று தெரியாது. சாவிக்குப் பின் நம்பர் வைத்திருந்தால், அதைத் தொடர்ந்து எட்டு முறை தவறாகப் போட்டால் சாவி பூட்டிக்கொள்ளும். ஆப்பிள் கணக்குக்குக் குறைந்தது இரண்டு சாவி இருந்தால்தான் பதிவே ஏற்கப்படும். நம்பகமான விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள். பிரித்த உறையில் வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

சாவியைச் சேர்த்துவிட்டு, குறுஞ்செய்தி ஓ.டி.பி.யையும் மாற்று வழியாக விட்டுவைக்கிறவர்கள் பலர். அது வாசலுக்கு இரும்புக் கதவு போட்டுவிட்டுப் புறவாசலைத் திறந்து வைப்பதுதான். திருடன் 'வேறு வழியில் நுழைக' என்பதைத்தான் தட்டுவான். அந்த வழியை நீக்குங்கள். சாவி கையில் இல்லாதபோது நுழைவதற்காகக் கூகுள் தரும் பத்து மாற்றுக் குறியீடுகளை அச்செடுத்துப் பத்திரங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். கூகுளின் மேம்பட்ட பாதுகாப்புத் திட்டம் இலவசம், அதில் சேர்ந்தாலும் நல்லது.

ஒரே மின்னஞ்சலை நான்கு பேர் பயன்படுத்தும் அலுவலகங்களுக்கு இன்னொரு லாபம். ஒரு கணக்கில் பல சாவிகளைச் சேர்க்கலாம். ஆளுக்கொன்று கொடுத்து, எது யாருடையது என்று பெயரிட்டுக்கொள்ளுங்கள். பையன் வேறு வேலைக்குப் போனால் சாவியை வாங்கிக்கொண்டு, கணக்கிலிருந்தும் நீக்கி, கடவுச்சொல்லை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறிவிட்டால் முடிந்தது. ஜிமெயில், மைக்ரோசாஃப்ட் மட்டுமில்லை, தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஸோஹோவின் கணக்குகளும் சாவியை ஏற்கின்றன. காசு செலவழிக்க மனமில்லாதவர்கள் கைப்பேசியிலேயே பாஸ்கீ, அதாவது கைப்பேசியே சாவியாகும் ஏற்பாடு, வைத்துக்கொள்ளலாம். அதே தத்துவம்தான். ஆனால் அலுவலகக் கணக்குக்கு, யாருடைய சொந்தக் கைப்பேசியிலும் தங்காத தனிப் பொருள்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.

இது எல்லாவற்றையும் காக்காது. கணினியில் ஏற்கெனவே திருட்டு மென்பொருள் இருந்தால், நாம் முறையாக நுழைந்த பிறகு அந்த நுழைவையே அது களவாடலாம். இலவச மென்பொருள் என்று கண்டதையும் இறக்குகிறவருக்குச் சாவி துணை வராது. ஜி.எஸ்.டி. தளத்தில் இந்தச் சாவிக்கு இடமில்லை. வங்கிகளில் இன்னும் ஓ.டி.பி. ராஜ்யம்தான். குறுஞ்செய்தியைத் தவிர்த்த வழிகளுக்கும் இடம் தரும் ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகள் 2025 செப்டம்பரில் வெளிவந்தன, அவற்றைப் பின்பற்றக் குறித்த நாள் 2026 ஏப்ரல் 1. அதன்படி யார் என்ன செய்கிறார்கள் என்பதைப் பார்த்துக்கொள்ளலாம்.

சங்கக் கூட்டத்தில் மூன்று விஷயங்களை முடிவு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வேண்டுகிறவர்கள் பெயரைக் கொடுத்து சாவிகளை மொத்தமாக வாங்குவது முதலாவது. போனில் ஓ.டி.பி. கேட்பதில்லை என்று எல்லா அலுவலகங்களும் ஒரே நாளில் நிறுத்தி, அதை வாடிக்கையாளர்களுக்கு எழுத்தில் தெரிவிப்பது அடுத்தது. இ-வே பில் தளத்தில் முதலாளியின் கணக்கின்கீழ் நமக்கெனத் தனி நுழைவு தரும் துணைப் பயனர் வசதி இருக்கிறது, நம் எண்ணுக்கே ஓ.டி.பி. வரும். ஜி.எஸ்.டி. தளத்தில் வாடிக்கையாளர் நம்மை ஆலோசகராகச் சேர்த்துக்கொள்ள பி.சி.டி.-05 என்ற படிவம் இருக்கிறது. பிறர் கடவுச்சொல்லை வைத்துக்கொண்டிருக்கும் தேவை இவற்றால் வெகுவாகக் குறையும். மூன்றாவது, டோக்கன்களைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுப்பது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தகுந்த பாதுகாப்பு வைக்காததற்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் இருக்கிறது. நம்மைப் போன்றவர்களிடம் அவ்வளவு கேட்கமாட்டார்கள்தான். கேட்கிற அளவுக்கு நாம் ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்?

அன்று என்னிடமுள்ள சாவிகளையும் ஒரு மடிக்கணினியையும் கொண்டுவருகிறேன். அலுவலக மின்னஞ்சலின் கடவுச்சொல்லை நினைவில் வைத்துக்கொண்டு வாருங்கள். அது பையனுக்கு மட்டும்தான் தெரியும் என்றால் அவனையும் அழைத்து வாருங்கள்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து
உங்கள் தொழில் தோழன்