கர்ஸ்ட் இல்லாத கார்னெல்

இத்தாக்கா, நியூயார்க்
ஜனவரி 2026

அன்பு முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. மதுரையில் ஜூனியர் உலகக்கோப்பை ஹாக்கி பார்த்ததை நீ எழுதியிருந்த விதத்தைப் படித்தபோது, நானும் உன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த மாதிரி இருந்தது. நீ பயிற்சி கொடுக்கிற பையன்களையும் கூட்டிக்கொண்டு போனாயே, அதுதான் பெரிய விஷயம். கோவில்பட்டி மைதானத்தில் ஓடுகிற பிள்ளைகள் ஜெர்மனிக்காரனும் ஸ்பெயின்காரனும் ஆடுவதை நேரில் பார்த்தால், ஒரு வருடப் பயிற்சியில் வராதது ஒரே நாளில் வந்துவிடும். சென்னையில் அர்ஜென்டினாவிடம் ரெண்டு கோல் பின்தங்கி இருந்து, கடைசிக் கால்பகுதியில் நாலு கோல் போட்டு நம் பையன்கள் வெண்கலம் வாங்கியதை நான் இங்கே ராத்திரி வேலை முடிந்து வந்துதான் பார்த்தேன். தூக்கமே வரவில்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். இந்த ஊர் கார்னெல் பல்கலைக்கழகத்தின் லக்ராஸ் அணியைப் பற்றி ரெண்டு வரி எழுதிவிட்டு நிறுத்திவிட்டாய், முழுசாக எழுது, நட்சத்திர வீரன் கர்ஸ்ட் படிப்பு முடித்துப் போன பிறகு இனி என்ன ஆகும் என்றும் சொல் என்று கேட்டிருந்தாய். அடுத்த மாதம் புது சீசன் தொடங்குகிறது. ஊரில் எல்லாரும் இதையேதான் பேசுகிறார்கள். எழுதச் சரியான நேரம்தான்.

ஹாக்கிக்காரன் உனக்கு ஆட்டத்தைச் சொல்வது சுலபம். ஒரு பக்கத்துக்குப் பத்துப் பேர். கோல்காப்பாளர் ஒருவர், தடுக்க மூன்று பேர், நடுவில் மூன்று பேர், தாக்க மூன்று பேர். கையில் கம்பு, கம்பின் நுனியில் வலைப்பை. கெட்டியான ரப்பர் பந்து தரையில் உருளுவதைவிடக் காற்றில் பறப்பதுதான் அதிகம். பந்தை வைத்துக்கொண்டு ஓடுகிறவன், தூளியில் கிடக்கும் பிள்ளையை ஆட்டுவது மாதிரி வலையை ஆட்டிக்கொண்டே ஓடுவான், இல்லாவிட்டால் பந்து விழுந்துவிடும். கோல் ஆறடிக்கு ஆறடிச் சதுரம். அதற்குப் பின்னாலும் போய் ஆடலாம். நல்ல தாக்குதல் வீரர்கள் பாதி வேலையைக் கோலுக்குப் பின்னால் இருந்துதான் செய்கிறார்கள்.

உனக்கு முக்கியமாகத் தெரிய வேண்டியது ஒன்று உண்டு. ஹாக்கியில் கோல் வாங்கிய அணிக்குத்தான் பந்து. இங்கே அப்படி இல்லை. ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் நடுவில் பந்தை வைத்து, ரெண்டு பேர் குனிந்து, விசில் அடித்ததும் பிடுங்கிக்கொள்வார்கள். அதற்கு ஃபேஸ்ஆஃப் என்று பெயர். கோல் போட்ட அணியே மறுபடி பந்தை எடுத்து மறுபடி கோல் போடலாம். அதனால் மூன்று கோல் முன்னால் இருந்தாலும், நாலு நிமிடம் மீதி இருந்தாலும் நிம்மதி கிடையாது.

இந்த ஊருக்கு இது நன்றாகத் தெரியும். 2009 மே மாதம், பாஸ்டனுக்குப் பக்கத்தில் ஃபாக்ஸ்பரோவில் இருக்கிற ஜில்லெட் ஸ்டேடியத்தில் தேசிய இறுதியாட்டம். எதிரணி சிரக்யூஸ், இங்கிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊர். கார்னெல் 9-6 என்று முன்னால் இருந்தது. கடைசி நாலு நிமிடத்துக்குள் மூன்று கோல் வாங்கியது. மூன்றாவது கோல் விழுந்தபோது நாலே நாலு விநாடிதான் பாக்கி. கூடுதல் நேரத்தில் கோடி ஜேமிசன் அடித்த கோலில் கோப்பை போய்விட்டது. அவர் மோஹாக் என்ற பூர்வகுடி இனத்தவர். இந்த ஆட்டமே அவர்கள் ஆட்டம்தான். ஹோடெனோஷோனி என்ற கூட்டமைப்பில் மோஹாக், ஒனொண்டாகா, கயூகா முதலான ஆறு இனங்கள். ஐரோப்பியர் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே அவர்கள் இதை ஆடினார்கள், படைத்தவனுக்காக ஆடுகிறோம் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். கார்னெல் நிற்பதே கயூகா மக்களின் நிலத்தில். எங்கள் ஏரியின் பெயரும் கயூகாதான். இதை மறந்துவிட்டு இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுவது எனக்குச் சரியாகப் படுவதில்லை.

கார்னெலுக்கு ஒரு பொற்காலம் இருந்தது. கல்லூரிகளுக்கான தேசியப் போட்டி 1971ல் தொடங்கியபோது முதல் கோப்பையே இவர்களுக்குத்தான். மேரிலாண்டை 12-6 என்று ஜெயித்தார்கள். 1976, 1977 இரண்டு வருடமும் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் மறுபடி கோப்பை. பயிற்சியாளர் ரிச்சி மோரன், அவரே மேரிலாண்டில் படித்து ஆடியவர். அதற்கப்புறம் 48 வருடம் ஒன்றுமில்லை. இறுதியாட்டம் வரை போய்ப் போய்த் தோற்றார்கள்: 1978, 1987, 1988, 2009, 2022. இதில் 1987ல் ஒரே ஒரு கோல் வித்தியாசம்.

2022ல் என்ன நடந்தது என்று தெரிந்தால்தான் போன வருடம் புரியும். கொரோனா வந்த 2020ல் கார்னெல் ஆடிய அஞ்சு ஆட்டத்தையும் ஜெயித்திருந்த நேரத்தில் சீசனையே நிறுத்திவிட்டார்கள். 2021ல் மற்ற கல்லூரிகள் எல்லாம் ஆடின, கார்னெலும் பிரின்ஸ்டனும் இருக்கிற ஐவி லீக் என்ற கல்லூரிக் கூட்டமைப்பு மட்டும் லீக் போட்டிகளையே ரத்து செய்தது. ரெண்டு வருடம் ஒழுங்காக ஆடாத அணி, கானர் பியூசெக் என்ற இளம் பயிற்சியாளர், அவரும் இங்கேயே படித்து ஆடியவர். அந்த அணி 2022ல் இறுதிவரை போய், ஒரு ஆட்டமும் தோற்காத மேரிலாண்டிடம் 9-7 என்று தோற்றது. அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் மோரன் காலமானார். மேரிலாண்ட் கோல்காப்பாளர் லோகன் மெக்நேனிதான் அன்றைக்குச் சிறந்த ஆட்டக்காரர். கார்னெல் பக்கம் முதல் வருடப் பையன் ஒருவன் இருந்தான், சி.ஜே. கர்ஸ்ட். நியூ ஜெர்சிக்காரன், அஞ்சு அண்ணன் தம்பிகள், அஞ்சு பேரும் கல்லூரியில் லக்ராஸ் ஆடியவர்கள்.

அடுத்த ரெண்டு வருடம் சரியாக அமையவில்லை. 2023ல் சொந்த மைதானத்திலேயே முதல் சுற்றில் மிச்சிகனிடம் ஒரு கோலில் தோற்றார்கள். 2024ல் தேசியப் போட்டிக்கே அழைப்பு வரவில்லை. கர்ஸ்டுக்கு மீதி இருந்தது ஒரே வருடம்.

அந்த ஒரு வருடத்தில்தான் 82 கோல் போட்டான், முருகேசா. நாலு வருடத்தில் மொத்தம் 247. அதற்கு முன்னால் முதல்நிலைக் கல்லூரிகளில் யாரும் இத்தனை போட்டதில்லை. வர்ஜீனியாவின் பேட்டன் கார்மியர் 2024ல் வைத்த 224தான் சாதனையாக இருந்தது. ஆனால் எண்ணிக்கையைவிட எனக்குப் பிடித்தது அவன் ஆடும் விதம். பந்து கையில் இல்லாதபோதும் நிற்க மாட்டான். எதிரணிக்காரன் பந்தைத் தடுத்து மேலே கொண்டு போகப் பார்க்கிற நேரத்தில் துரத்திப் போய்ப் பிடுங்கிவிட்டு வருவான். தாக்குதல் வீரர்கள் பல பேர் அந்த நேரத்தில் மூச்சு வாங்க நின்றுவிடுவார்கள். உன் முன்கள வீரர்களிடம் நீ வருடக்கணக்காகக் கத்திக்கொண்டு இருப்பாயே, பந்து போனதும் திரும்பி ஓடு, திரும்பி ஓடு என்று, அதை இவன் யாரும் சொல்லாமலே செய்தான்.

அந்த சீசனில் கார்னெல் 18 ஜெயித்து ஒன்றில் மட்டும் தோற்றது. தோற்றது பென் ஸ்டேட்டிடம். பென் ஸ்டேட்டின் பயிற்சியாளர் யார் தெரியுமா? ஜெஃப் டம்ப்ரோனி. 2009ல் அந்த நாலு விநாடிக் கதையில் கார்னெல் பயிற்சியாளராக இருந்தவர் அவர்தான், 2010ல் அங்கே போய்விட்டார். அரையிறுதியில் அதே பென் ஸ்டேட், அதே ஃபாக்ஸ்பரோ மைதானம். 11-9 என்று ஜெயித்தார்கள். அதற்கு முந்தின சுற்றில் ரிச்மண்ட் கிட்டத்தட்ட வீட்டுக்கே அனுப்பியிருக்கும், 13-12 என்று தப்பித்தார்கள்.

மே 26 இறுதியாட்டம், மறுபடி மேரிலாண்ட். அவர்கள் பயிற்சியாளர் ஜான் டில்மனும் கார்னெலில் படித்தவர். கோலில் நிற்பது அதே மெக்நேனி, ஆறாவது வருடம். கர்ஸ்ட் ஆறு கோல் போட்டான். 13-10 என்று கார்னெல் ஜெயித்தது. எங்கள் தெருவில் யார் வீட்டிலிருந்து சத்தம் வந்தது, யார் வீட்டிலிருந்து அழுகை வந்தது என்று சொல்லவே முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் 1977 அணியைப் பார்த்தவர். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றுமே பேசவில்லை. அந்த வருடம் நாட்டின் சிறந்த வீரனுக்கான டெவாராட்டன் விருதும் கர்ஸ்டுக்கே கிடைத்தது. கார்னெலில் இருந்து இது மூன்றாவது. முன்னால் மேக்ஸ் சீபால்டும் ராப் பனெலும் வாங்கியிருக்கிறார்கள்.

இப்போது நீ கேட்ட கேள்வி: இனி என்ன?

கர்ஸ்ட் போய்விட்டான். மைக்கேல் லாங்கும் போய்விட்டான், நாலு வருடமும் தாக்குதலுக்குத் தோள் கொடுத்தவன். மற்ற இடங்களில் பட்டம் முடித்த பிறகும் மேல்படிப்பு என்று ஒரு வருடம் தங்கி ஆடலாம். காயம், கொரோனா வருடம் எல்லாம் சேர்த்து மெக்நேனி மாதிரி ஆறு வருடம்கூட ஆடலாம். ஐவி லீக்கில் அது கிடையாது. நாலு வருடம், பட்டம், போய்வா. விளையாட்டுக்கென்று உதவித்தொகையும் இல்லை, குடும்பத்தின் வசதியைப் பார்த்துத்தான் பண உதவி. போன வருடம் நீதிமன்றத்தில் ஒரு பெரிய வழக்கு தீர்ந்து, கல்லூரிகளே விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்று ஆகிவிட்டது, ஒரு கல்லூரிக்கு வருடத்துக்கு சுமார் 2 கோடி டாலர் வரை. ஐவி லீக் அதில் சேரவில்லை. சேராதது சரிதான் என்பது என் எண்ணம். நாலு வருடத்தில் ஒருத்தனை எடுத்து, வளர்த்து, வெளியே அனுப்பிவிட்டு, மறுபடி புதுசாக ஆரம்பிக்கிற வேலைக்குத்தான் பயிற்சி என்று பெயர். நீ செய்வதும் அதுதானே. ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. நல்ல பையன்கள் இனி பணம் கொடுக்கிற இடத்துக்குப் போவார்கள். அந்த விலை இந்த வருடமே முழுசாகத் தெரியாது. இன்னும் மூன்று நாலு வருடம் கழித்துத் தெரியும்.

இந்த வருடத்துக்கு என் நம்பிக்கை ரயன் கோல்ட்ஸ்டீன் மேல். போன வருடம் கர்ஸ்டுக்குப் பந்தைக் கொண்டுவந்து கொடுத்தவர்களில் முதல் ஆள் இவன்தான். கோலுக்குப் பின்னால் நின்றுகொண்டு மைதானம் முழுக்கப் படிக்கிற கண். இவன் அப்பா டிம் கோல்ட்ஸ்டீன் 1987ல் இதே கார்னெலுக்கு ஆடி, அந்த ஒரு கோல் இறுதியாட்டத்தில் தோற்றவர். அந்தக் காலத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர். அப்பாவுக்குக் கிடைக்காததை மகன் வாங்கிவிட்டான். ஆனால் இனி எதிரணியின் மிகச் சிறந்த தடுப்பு வீரன் கர்ஸ்ட் பின்னால் போக மாட்டான், இவன் பின்னால்தான் வருவான். இவன் கொடுக்கிற பந்தை வாங்கிக் கோலாக்க ஒருத்தன் போதாது, ரெண்டு மூன்று பேர் வேண்டும். அது யார் என்று பிப்ரவரிக் குளிரில் நடக்கிற முதல் சில ஆட்டங்களில் தெரிந்துவிடும். இந்த வருட அரையிறுதியும் இறுதியும் வர்ஜீனியாவில் சார்லட்ஸ்வில்லில். அரையிறுதி வரை வருவார்கள் என்று நினைக்கிறேன். கோப்பை என்று கேட்டால், மனசு ஆம் என்கிறது, ஆட்டம் பார்த்த கண் இல்லை என்கிறது. பிரின்ஸ்டன் லீக்கிலேயே நெருக்குவான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நீ பிள்ளைகளை ஆட வைக்கிறவன் என்பதால். 2004 மார்ச்சில் இங்கே ஷோல்காஃப் மைதானத்தில் ஜார்ஜ் போயார்டி என்ற கடைசி வருட மாணவன், கோலை நோக்கி வந்த பந்தைத் தடுக்கப் போய், நெஞ்சில் அடிபட்டு இறந்துபோனான். அடியின் வேகத்தைவிட, இதயத் துடிப்பின் எந்த நொடியில் அது விழுகிறது என்பதுதான் ஆபத்து. அவனுடைய 21ஆம் எண்ணை இங்கே யாரும் அணிவதில்லை. 2022 முதல் ஆண்கள் ஆட்டத்தில் களத்தில் ஆடுகிற எல்லாரும் அதற்கென்று சோதித்த நெஞ்சுக்காப்பு போட்டாக வேண்டும் என்று விதி வந்துவிட்டது. ஹாக்கிப் பந்தும் லேசுப்பட்டதல்ல. உன் மைதானத்தில் நின்ற இதயத்தை மின்னதிர்ச்சி கொடுத்து ஓட வைக்கிற கருவி, அதுதான் ஏ.இ.டி., இருக்கிறதா? இல்லையென்றால் நம் பழைய மாணவர்கள் குழுவில் பேசி ஒன்று வாங்கிவிடலாம். பணத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். வாங்கினால் மட்டும் போதாது, நீயும் இன்னும் ரெண்டு பேரும் அதைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ள வேண்டும்.

2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் லக்ராஸும் இருக்கிறது, ஆறு பேர் ஆடும் சின்ன வடிவம். கடைசியாகப் பதக்கத்துக்கு ஆடியது 1908ல். ஹோடெனோஷோனி மக்கள் தங்கள் சொந்தக் கொடியோடு ஆட வேண்டும் என்று கேட்கிறார்கள். கொடுக்க வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். ஆட்டத்தைக் கொடுத்தவர்கள் இல்லாமல் என்ன ஒலிம்பிக்?

வீட்டில் எல்லாரும் சுகம். சின்னவள் பள்ளியில் லக்ராஸ் ஆட ஆரம்பித்திருக்கிறாள், நடுவில் ஆடுகிறாள். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று எழுது. அந்தக் கருவி விஷயத்துக்கு மட்டும் கடிதத்துக்குக் காத்திருக்காமல் போன் செய்.

அன்புடன்,
சங்கரன்